ஆறு முனைகளும் ஒரு மூச்சும்

சோன்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் ட்ரியாவ்னா மலைப்பக்கத்தில் ரொம்பக் குறைவு. சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். மோட்டார் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் செம்புக் கம்பி சுற்றினாளே, அங்கேயும் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு நின்றபடிதான் சுற்றினாள். தொழிற்சாலையை மூடினார்கள். புருஷன் போனான். அதற்கப்புறம் ரொட்டி சுமக்கிற வேலைக்கு வந்தாள். கால் ஓயாத பொம்பளைக்குப் பொருத்தமான வேலைதான்.

ஆற்றங்கரையில் கன்ச்சோவின் ரொட்டிக்கடை. அங்கிருந்து மலைமேல் ஒன்பது சிற்றூர்கள். கடை என்று ஒன்று எதிலும் கிடையாது. சிலவற்றில் நாலு வீடு. கடைசி ஊரில் கிழவர் டோப்ரியும் அவர் கழுதையும்தான் ஜனத்தொகை. சோன்காவிடம் பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்சைக்கிள் இருந்தது. மேட்டை முனகாமல் ஏறும். ஆனால் ஆற்றோரத்துச் சமதரையில் எருமை நடை. இரவல் வாங்கி இன்னொரு சக்கரம் போட்டுப் பார்த்தாள். அது சமதரையில் முயலாகப் பறந்தது, முதல் மேட்டிலேயே மூச்சுத் திணறிக் கருகல் வாடை அடித்தது.

பிப்ரவரிக் கடைசியில் கன்ச்சோ கூப்பிட்டுச் சொன்னான்:

"கோவிச்சுக்காதே சோன்கா. பத்து மணிக்குள்ள கடைசி ஊருக்கு ரொட்டி போயாகணும். வர்ற திங்கக்கிழமை பாப்பேன். முடியலேன்னா வேன்காரன்கிட்ட விட்டுடுவேன்."

"வேன் நாலு ஊருக்குத்தான் போகும். மத்த அஞ்சு ஊருக்கு ஆட்டுப்பாதைதானே இருக்கு?"

"அவங்க கீழ எறங்கி வரட்டும்."

எண்பது வயசு முழங்கால்கள் பனிச்சேற்றில் இறங்கி வருமாம்! சோன்கா வாசலைத் தாண்டும்போதே மனசுக்குள் சக்கரத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாத விஷயமா? மோட்டாருக்குள் மூன்று கம்பிச் சுருள்; ஒவ்வொன்றுக்கும் தலை ஒன்று, வால் ஒன்று. மூன்றின் வால்களும் உள்ளே ஒரே முடிச்சாகக் கிடந்தால் அது ஸ்டார் இணைப்பு: இழுவை உண்டு, ஓட்டம் இல்லை. ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு கோத்து வளையமாக்கினால் டெல்டா: ஓட்டம் உண்டு, இழுவை இல்லை. அந்த முடிச்சை அவிழ்த்து, ஆறு முனைகளையும் வெளியே எடுத்து, கைப்பிடியருகே ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டால் மேட்டுக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று. சக்கரம் ஒன்றே போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைக் கொட்டகையில் சக்கரத்தைப் பிரித்துப் போட்டாள். கொழுந்தன் மின்யூ ஊறுகாய் மிளகாயைக் கடித்துக்கொண்டு வந்து நின்றான். ஊருக்கெல்லாம் விளக்கு மாட்டுகிற எலெக்ட்ரீஷியன். போன வருஷம் இதே வேலையைச் செய்யப் போய், மோட்டாருக்கு மின்சாரம் அளந்து விடுகிற கன்ட்ரோலர் பெட்டியைப் புகையவிட்டவன்.

"அண்ணி, ஓடும்போதே தட்டினா பெட்டி போயிடும். வேகம் குடுக்கிற முறுக்குப்பிடிய விடணும், ஒரு மூச்சு இழுக்கணும், அப்புறம்தான் ஸ்விட்சைத் தட்டணும். என்னாலயே முடியல. நீங்க தும்மக்கூட நிக்க மாட்டீங்க!"

"நீ மிளகாயை மென்னு முழுங்கு முதல்ல."

முடிச்சை வெட்டினாள். தடித்த கம்பிகள் ஆறும் அச்சின் ஓட்டைக்குள் நுழையவில்லை. உறையை உரித்து, மெல்லிய சூடு தாங்கும் குழாய் போட்டு நுழைத்தாள். தலை எது வால் எது என்று அடையாளம் வேண்டுமே. மார்ச் முதல் தேதி நல்லதிர்ஷ்டத்துக்காக மணிக்கட்டில் கட்டி, பூத்த மரத்தை முதலில் கண்டதும் அதன் கிளைக்கு மாற்றுகிற மார்த்தெனிட்சாவுக்கென்று வாங்கிய நூல்கண்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. தலை மூன்றுக்கும் சிவப்பு, வால் மூன்றுக்கும் வெள்ளை. கட்டி, சக்கரத்தையும் மூடிய கையோடு கோழிக்குத் தீனி போட ஓடினாள். யார் கேட்டார்கள் தீனியை? பொழுது சாய்ந்து கோழிகளே தூங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தால் ஆறு முனைகளிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய அழகான மார்த்தெனிட்சா!

"யாரு வேலைடா இது?"

மின்யூ பெருமையாக நிமிர்ந்தான். "சிவப்பு தனியா, வெள்ளை தனியா யாராவது கட்டுவாங்களா அண்ணி? மார்ச் மாசத்துல? ஆகாது. அதான் அவுத்துட்டு ஜோடியாக் கட்டினேன். நாளைக்கு நல்லபடியா ஆகணுமில்ல."

"நீ எலெக்ட்ரீஷியனா, பாதிரியாரா? அது அடையாளம்டா, அறிவுக்கொழுந்தே!"

அவன் முகம் மிளகாயாகச் சிவந்தது. திட்டி என்ன பயன்? மூடிய சக்கரத்தை மறுபடி பிரித்தால் பொழுது போதாது. ஒரு சுருள் தலைகீழாகப் போனாலும் மோட்டார் உறுமித் தன்னையே சுட்டுக்கொள்ளும்.

பாட்டரியும் சின்ன பல்பும் வைத்து, எந்த இரண்டு முனை ஒரே சுருள் என்று பிரித்தாள். பிறகு மூன்றையும் வளையமாகக் கோத்து, மின்சாரமே இல்லாமல் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். களிமண்ணில் புதைந்த மாதிரி இறுகியது; ஒரு சுருள் தலைகீழாகக் கிடந்தால்தான் அப்படி இறுகும். தப்பு. ஒரு சுருளைத் திருப்பிப் போட்டாள். அதே இறுக்கம். அதைப் பழையபடி வைத்து அடுத்ததைத் திருப்பினாள். அதேதான்.

"அண்ணி, விட்டுடுவோமா?"

"பிடிடா அச்சை."

மூன்றாவதைத் திருப்பினாள். சக்கரம் வெண்ணெயில் கத்தி போலச் சுழன்றது. நிற்கவே மனசில்லாமல் சுழன்றது. அவளை மாதிரியே.

அன்றிரவே கைப்பிடியருகே ஸ்விட்சையும் மாட்டி முடித்தாள்; திங்கட்கிழமை காலை மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூலோடும் ரொட்டிக்கூடைகளோடும் கிளம்பினாள். ஆற்றோரப் பாதையில் டெல்டாவில் பறந்தாள்; காற்று தலைத்துணியைப் பிடுங்கியது. மலையடிவாரம் வந்தது. ஒருநாளும் நிற்காத அந்தக் கை முறுக்குப்பிடியை விட வேண்டும். விரல்கள் கேட்கவில்லை. கட்டைவிரல் அதற்குள் ஸ்விட்சைத் தட்டப் பார்த்தது. ஐந்து ஊர்க் கிழங்கள், புகையும் பெட்டி, வேன்காரனின் இளிப்பு எல்லாம் ஒன்றாக வந்து முட்டின. பல்லைக் கடித்து முறுக்குப்பிடியை விட்டாள். சைக்கிள் தானாக உருண்டது. ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்குள்தான் பாதையோரத்துக் காட்டுப்பிளம் மரம் வெள்ளையாய்ப் பூத்திருப்பதைப் பார்த்தாள். தட்டினாள். மோட்டார் தாழ்ந்த குரலில் பிடித்து இழுத்தது.

ஒன்பதரைக்கு டோப்ரியின் வாசலில் நின்றாள்.

"ஏம்மா, இன்னும் பல்லே மாட்டலியே நான்!" என்றார் கிழவர், சூடு ஆறாத ரொட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு.

"பல்லை அப்புறம் தேடுங்க. முதல்ல கன்ச்சோவுக்குப் போன் போடுங்க. ரொட்டி சூடா இருக்குன்னும் சொல்லுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காப்பிக்கு உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே குடித்தாள். இறங்கும் வழியில் மட்டும், அந்தப் பிளம் மரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, மணிக்கட்டு நூலை அவிழ்த்துக் கிளையில் கட்டினாள். அச்சருகே கம்பி முனைகளில் மின்யூ கட்டிய மற்ற ஆறையும் ஒருதரம் குனிந்து பார்த்தாள். அவிழ்க்கவில்லை.