ஐஸ் பெட்டி அப்ஸ்ட்ராக்டும் வலை வேந்தனும்

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆய்வு மாநாட்டின் இணையதளத்தை மூடிவிடுவார்கள். நாலரைக்கு ராயபுரத்தில் என் டி.டி.பி. கடைக்குள் ஒரு படகே வந்து நின்றது. அதாவது படகு ஓனர் தேவராஜும், அவரோடு கடலுக்குப் போகிறவர்களும். நடுவில் தேவராஜின் அக்கா மகள் ரேவதி, அழுகிற முகத்தோடு. மீன் பதப்படுத்துவதில் பிஎச்.டி. செய்கிற பெண். இந்த மாநாட்டில் கட்டுரை ஏறாவிட்டால் இந்த வருடம் அவள் தீசிஸ் கொடுக்க முடியாது.

டி.டி.பி. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அப்ஸ்ட்ராக்ட் என்பது ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம். எதற்காகச் செய்தோம், எப்படிச் செய்தோம், என்ன கண்டோம் என்று இருநூற்றைம்பது வார்த்தைக்குள் முடிக்க வேண்டும். ஒரு வார்த்தை கூடினாலும் இணையதளம் வாங்காது.

ரேவதியுடையது முந்நூறைத் தாண்டியிருந்தது. பாதிக்குப் பாதி பெயர்கள். எல்லாம் ஆய்வுக்கு மீன் கொடுத்த தேவராஜின் ஆட்களுடையவை. எங்கள் பக்கம் காதுகுத்து பேனராக இருந்தாலும் அத்தனை பேர் படமும் பட்டப்பெயரோடு இருக்க வேண்டும். ஒரு சித்தப்பா விட்டுப்போனால் குடும்பம் இரண்டாகிவிடும். அந்த பேனர்களை அடிப்பவன் நான் என்பதால் தேவராஜ் என்னிடம் உரிமையோடு கேட்டார்.

"இன்னா பாய், என் பேருக்கு முன்னாடி 'வலை வேந்தன்'னு போட்டியா?"

"இது பேனர் இல்ல தேவராஜு. இதுல பேரே வரக்கூடாது."

"நாங்க குடுத்த மீனு இல்லாம இவ இன்னாத்த ஆராய்ச்சி பண்ணுவா? கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ ஒண்ணு கீது. அதையும் ஓரமா வை."

அந்த நேரம் பார்த்து, ரேவதி அனுப்பியிருந்ததைப் படித்துவிட்டு அவள் பேராசிரியை போனில் வந்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "'முடிவுகள் கட்டுரையில் விரிவாக விவாதிக்கப்படும்'னு எழுதியிருக்க. நீ கண்டுபிடிச்சது எங்கம்மா?" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

"என்னதாம்மா கண்டுபிடிச்ச? சொல்லு, அடிக்கிறேன்" என்றேன்.

அவள் மாமாவைப் பார்த்தாள். "அப்புறம் சொல்றேன் பாய்."

"எப்ப? அஞ்சு மணிக்கு அப்புறமா?" எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"சொல்லும்மா. மாமன் கீறேன், இன்னா பயம்?" என்றார் தேவராஜ்.

ரேவதி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "ஒரே நாள்ல கடலுக்குப் போன மூணு படகுல, ஐஸ் பெட்டிய அடிக்கடி தொறந்த படகுலதான் மீன் மொதல்ல கெட்டுது. மீனுக்காகத் தொறக்கல. உள்ள வச்ச பன்னீர் சோடாவ எடுக்கத் தொறந்தாங்க."

எந்தப் படகு என்று நான் கேட்கவில்லை. ஆட்கள் எல்லோரும் தேவராஜைப் பார்த்தார்கள். தேவராஜ் என் பிரிண்டரைப் பார்த்தார்.

"பாய், என் பேர எடு."

"வலை வேந்தன்?"

"அதையுந்தான். இது வெளிய தெரிஞ்சா காசிமேட்டு ஏலத்துல என் மீன எவன் கேப்பான்?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு சோடாவே புடிக்காது பாய். என் பேரையும் தூக்கிடு." அதன் பிறகு அவரவர் பெயரை நான் அழித்துவிட்டேனா என்று திரையருகே வந்து சரிபார்த்துவிட்டு வெளியே போனார்கள்.

"கோவமா மாமா?" என்று ரேவதி மெதுவாகக் கேட்டாள்.

"உன்மேல இன்னா கோவம்? இன்னிமே சோடாவுக்குத் தனிப் பொட்டி. ஆனா உங்கம்மா கைல மட்டும் சொல்லாத." எனக்கு அந்த மனுஷனை அப்போது ரொம்பப் பிடித்துப்போனது.

பெயர்கள் போன இடத்தில் முடிவைச் சேர்த்தோம். இருநூற்றைம்பதுக்குள் அடங்கியது. ஐந்து மணிக்குள் ஏற்றியும் விட்டோம்.

ஆகவே, அப்ஸ்ட்ராக்ட் அடிக்கக் கொடுத்தால் முதலில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பெயர் போடச் சொல்லி வந்த கூட்டம் தானாகக் கலைந்துவிடும்.