பச்சைத் தொட்டியும் மிளகாய் பஜ்ஜியும்

மேலகரத்தில் எங்கள் தெருவில் போன வாரம் வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி காணாமல் போனது. குப்பை வண்டி வருமென்று வாசலில் வைத்தால், குப்பையைத் தரையில் கொட்டிவிட்டுத் தொட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இதப் போயி களவாண்டு என்னத்த செய்வாவ?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

இன்று தெரிந்தது.

குற்றாலத்தில் குளித்துவிட்டு, சாரலில் நடுங்கிக்கொண்டே ஒரு கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றேன். இன்னொரு தட்டு கேட்டதும் கடைக்காரர் மாவு அள்ளக் குனிந்தார்.

பச்சைத் தொட்டி. விளிம்பில் நாய் கடித்த தடம். மூடியில் என் மகள் நெயில் பாலிஷால் எழுதிய எங்கள் வீட்டு எண்.

"அண்ணாச்சி, இது எங்க வீட்டுக் குப்பைத்தொட்டில்லா?"

அவர் பதறவே இல்லை. "ஒருத்தன் கொண்டாந்து வித்தான், வாங்குனேன். நல்லா கழுவிட்டுத்தாம்மா மாவு கரைக்கோம்."

"வேற பாத்திரமே கெடைக்கலயா?"

"இங்கன குரங்குத் தொல்லைல்லா. இதுக்கு மூடி இறுக்கமா இருக்கு, குரங்கால தொறக்க முடியாது. சீசன் முடிஞ்சதும் எடுத்துக்கிடுங்க."

அந்தத் தொட்டியில் நான் கடைசியாகப் போட்டது சாளை மீன் குடல். குரங்கு தப்பித்துக்கொண்டது.

தொட்டி தொலைத்தவர்கள் கமெண்டில் வந்து சொல்லுங்கள். அதில் கடைசியாக என்ன போட்டிருந்தீர்கள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். பஜ்ஜிக்கு முன்னால் பக்கத்துக் கடையில் வடை தின்றேன். அங்கேயும் மாவு பச்சைத் தொட்டியில்தான் இருந்தது.