ஓரத்தில் எழுதியது

என் மருந்து டப்பாவில் ஒரு காகிதத் துண்டு இருக்கிறது. விரல் அகலம். கறுப்பு மையிலும் சிவப்பு மையிலும் பொடிப்பொடியாய் அரபி எழுத்து. எது மேல், எது கீழ் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். தமிழ் படிப்பேன், கன்னடத்தில் பஸ் பலகை படிப்பேன். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் சிவாஜி நகரில் ஒரு பைண்டிங் கடையில் வேலை. மர்பி டவுனிலிருந்து நடந்தே போவேன். ஹஜ்ரத் என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் பெரியவர் அங்கேதான் வந்தார். வாணியம்பாடிக்காரர், பக்கத்து மதரஸாவில் அரபி இலக்கணம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். ஒவ்வொரு தாளிலும் நடுவில் குர்ஆன் வசனம், சுற்றி நான்கு ஓரமும் அவர் கையெழுத்து. என்னவென்று கேட்டேன்.

"இதுக்கு இஃராப்னு பேரு. வசனத்துல ஒரு சொல் ஏன் இப்படி முடியுது, செஞ்சது யாரு, யாருக்குச் செஞ்சது, எல்லாத்துக்கும் காரணம் இருக்கு. பன்னிரண்டு வருஷமா எழுதுறேன். வேற பிரதி கிடையாது. ஓரத்துல மட்டும் கத்தி வைக்காதே, தம்பி."

"சரிங்க ஹஜ்ரத்" என்றேன்.

அரபிப் புத்தகத்துக்கு முதுகு வலப்பக்கம் வரும். முன்பு ஒருமுறை இடப்பக்கம் தைத்து முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவன் நான். அதனால் கவனமெல்லாம் முதுகிலேயே இருந்தது. தையல் சரியாக வந்த சந்தோஷத்தில், வழக்கம்போலக் கட்டிங் மிஷினில் வைத்து மூன்று பக்கமும் சீவிவிட்டேன். கை தானாகச் செய்தது. வெட்டிய பக்கம் வழவழவென்று இருந்தது. எனக்குப் பெருமைகூட.

மறுநாள் ஹஜ்ரத் வந்து விரித்தார். நாலைந்து தாள் புரட்டினார். வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் தடவினார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, அவர் கையையும் சேர்த்து வெட்டிட வேண்டியதுதானே?" என்று கத்தினார். ஹஜ்ரத் கை காட்டி அவரை நிறுத்தினார்.

"நடுவுல இருக்குறது எல்லா வீட்டுலயும் இருக்கு, தம்பி. ஓரத்துல இருந்ததுதான் நான் எழுதுனது."

இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை.

பிறகு, "துண்டெல்லாம் எங்கே? அதுலயும் வசனத்துச் சொல் இருக்கு. காலுல மிதிபடக் கூடாது" என்றார். வெட்டுத் துண்டு போட்ட சாக்கு பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தது. இருவரும் போனோம். கொட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். அவர் கண்ணில் புரை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு துண்டையும் மூக்கருகே பிடித்துப் பார்த்தார். ஒரு பிடிதான் கிடைத்தது. மிச்சத்தை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொள்கிறேன் என்றார். எந்தக் கண்ணை வைத்து என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மிஷினைத் துடைத்தபோது, கத்திக்கு அடியில் இந்தத் துண்டு இருந்தது. மதரஸா இரண்டு தெரு தள்ளித்தான். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மழைக்காலமே முடிந்துவிட்டது.

கடைசியில் போனபோது மதரஸா வாசலில் இருந்தவர் சொன்னார்: "கண்ணு சுத்தமா போயிடுச்சு. மகன் வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"எழுதி முடிச்சாரா?"

"பாதிதான்."

என்னிடம் இருப்பது எழுதின பாதியா, எழுதாத பாதியா என்று தெரியவில்லை. வாசலில் இருந்தவரிடம் துண்டைக் காட்டவும் இல்லை.

இப்படிப்பட்ட தாளை மண்ணில் புதைக்கணும், இல்லையென்றால் தண்ணீரில் விடணும் என்று ஹஜ்ரத் அன்று பொறுக்கும்போது சொன்னார். ஒருமுறை அல்சூர் ஏரிவரை கொண்டுபோனேன். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஏரியில் விட்டால் அவரிடம் கொடுத்ததாக ஆகாது.

தினமும் மாத்திரை எடுக்கும்போது கண்ணில் படுகிறது. தலைகீழாகக் கிடக்கிறதோ என்று திருப்பி வைக்கிறேன். மறுநாளும் அதே சந்தேகம்.