பத்துக் கதவுகளும் ஒரு வார்னிங் லெட்டரும்

மூடி வைத்த கதவு தானாகத் திறப்பதை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்திருக்கிறேன். உச்சி வெயில் நேரம். காற்று இல்லை. ரப்பர் மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. ஐந்தாம் நம்பர் லயத்து வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் நானும், படிக்கல்லில் எங்கள் தோட்டத்துத் தச்சு பாஸும் உட்கார்ந்திருந்தோம். ஒரே கூரையின் கீழ் பத்துத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடு அது; பத்துக் காம்பராக்களின் பத்துக் கதவுகளையும் அப்போதுதான் அவர் ஒவ்வொன்றாக மூடிவிட்டு வந்திருந்தார். முதலில் நாலாவது கதவு அசைந்தது. பிறகு இரண்டாவது. ஒரு பீடி எரிந்து முடிவதற்குள் பத்தும் திறந்துகொண்டன. முழுக்கத் திறக்கவில்லை. ஒரு சாண் அகலம் வந்ததும் நின்றுவிட்டன. பத்தும் அதே ஒரு சாண். வாசலில் வந்து உட்கார்ந்திருப்பது யார் என்று உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்ப்பதற்குத் தேவையான அளவு.

எஹலியகொடைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. தச்சு வேலை, மேசன் வேலை தெரிந்த ஆளை இந்தப் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இந்த பாஸ் பேச்சில் சிக்கனமானவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் பாடும்போதுகூட வாயைப் பாதிதான் திறப்பார். நான் அங்கே பெரிய கிளாக்கர். அதோடு பாதுகாப்பு அதிகாரியும்கூட. அந்தப் பதவி எனக்குக் கிடைத்த கதை சுருக்கமானது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி என்று தலைமை அலுவலகம் கடிதம் அனுப்பியது, தோட்டத்து மானேஜரான துரைக்கு அந்த இரண்டு நாளும் வேறு வேலை இருந்தது. அங்கே நான் சந்தித்த ஒரே ஆபத்து மத்தியானச் சாப்பாட்டு மேசைதான். திரும்பி வரும்போது ஒரு மஞ்சள் தொப்பியும் நான்கு பதிவேடுகளும் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒன்று, மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதுவதற்கு. இரண்டு வருஷத்தில் அதில் ஒரேயொரு சம்பவம்தான் பதிவாகியிருந்தது, துரையின் ஜீப்புக்குப் பக்கத்தில் விழுந்த பலாப்பழம்.

கதவு கதை மழைக்காலத்தில் தொடங்கியது. ஐந்தாம் லயத்தில் ஒரு கதவு இறுகிவிட்டது என்று துண்டுச் சிட்டு வந்தது. பாஸ் போய்ச் சீவிவிட்டு வந்தார். மழைக்கு மரம் ஊதும், இதில் எழுத என்ன இருக்கிறது. அடுத்த கிழமை இரண்டு கதவுகள். அதற்கடுத்த கிழமை முதல் சீவிய கதவே மறுபடியும். எல்லாச் சிட்டுகளையும் நான் 'சில்லறைத் திருத்த வேலை' என்ற பக்கத்தில் அழகாக எழுதி வைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைத் தவிர அந்தப் பதிவேட்டில் பாராட்ட ஒன்றும் இல்லை.

பிறகு மழை விட்டு வெயில் அடித்தது. அப்போதுதான் ஏழாம் காம்பராக்காரம்மா ஒபிஸ் வாசலுக்கு வந்தார். பால் வெட்டிவிட்டு நேரே வந்திருந்தார், கையில் ரப்பர்பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"கிளாக்கரய்யா, சீவுன கதவு மூடுது. ஆனா கொண்டி சேர மாட்டேங்குது. கயித்தப் போட்டுக் கட்டிட்டுப் போறோம். வந்து பாத்தா தொறந்து கெடக்குது. ஒரு சாமானும் களவு போகல. எம்மக பச்சப்புள்ளயோட படுத்திருக்கா. பாதர் மந்திரிச்சுக் குடுத்த தண்ணியும் தெளிச்சாச்சு, பக்கத்து காம்பராவுல எலுமிச்சங்காயும் வெட்டிப் போட்டாச்சு. அப்பவும் எட்டிப் பாக்குது."

"யாரும்மா எட்டிப் பாக்குறது?"

"அத நீங்கதான சொல்லணும்? பாதுகாப்புக்கு ஆளு நீங்கதானே!"

பேயை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று பயிற்சியில் சொல்லித் தரவில்லை. பாஸைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர், "மத்தியானம் லயத்துல ஆளிருக்காது. வாங்கய்யா, காட்டுறேன்" என்றார். ஏழாம் காம்பராவின் மகள்கூட அன்று குழந்தையோடு கிளினிக் போயிருந்தாள். அப்படித்தான் நான் அந்த வாளியின் மேல் போய் உட்கார்ந்தேன்.

பத்துக் கதவுகளும் ஒரு சாண் திறந்து நின்றபோது நான் வாளியோடு ஓரடி பின்னால் நகர்ந்தேன். பாஸ் எழுந்து ஒரு நூலில் ஈயக்குண்டைக் கட்டி நிலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். மேலே சுவரை ஒட்டி இருந்த நூல், கீழே வரும்போது மூன்று விரல் தள்ளி நின்றது. "மரம் ஊதுனா நாலு பக்கமும் ஊதும்ங்க. இது ஒரு மூலையிலதான் கடிக்குது. பத்துலயும் ஒரே மூலை. போன கிழம இந்த நூலு ரெண்டு வெரக்கட. இன்னைக்கி மூணு." நூலைச் சுருட்டி மடியில் வைத்தார். "கதவு நகரலீங்க. செவுரு நகருது. செவுத்த மலை தள்ளுது." லயத்துக்குப் பின்னால் பீலியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வெயில் காலத்தில், பால் தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

பேயாக இருந்திருக்கலாம் என்று நான் முதல்முறையாக ஆசைப்பட்டேன். பேய்க்கு எலுமிச்சங்காய் இருக்கிறது.

ஒபிசுக்கு வந்து அபாய மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தேன். சிறிது, நடுத்தரம், கடுமை என்று மூன்று கட்டங்கள். கடுமை என்று போட்டால் லயத்தைக் காலி செய்து தலைமை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். இரண்டு கிழமையில் சான்றிதழுக்காகச் சோதனை செய்ய ஆட்கள் வரவிருந்தார்கள். அத்தனையையும் கண்ணால் கண்டுவிட்டு வந்து நடுத்தரம் என்று போட்டவன் நான். அதையும் பென்சிலால் போட்டேன். துரை நல்ல மனிதர், கெட்டது எதையும் நம்ப மாட்டார். "பய வென்ன எப்பா" என்றார் சிங்களத்தில். பயப்பட வேண்டாமாம். மண்சரிவைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கடிதம் போடச் சொன்னார். அதுவரை கதவுகளைச் சீவிக் கொண்டிகளை மாற்றச் சொன்னார்.

பாஸ் மாட்டேன் என்றார். இருபது வருஷத்தில் அவர் மறுத்த முதல் வேலை அது.

"நல்லா மூடுற கதவ மாட்டிக் குடுத்தா இதுங்க நல்லாத் தூங்கிருங்கய்யா. நா சீவ மாட்டேன்."

"நாளைக்கு டவுன்ல இருந்து வேற பாஸ் வருவாரு. அவரு சீவுவாரு" என்றேன். மிரட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

மறுநாள் காலை எல்லோரும் பால் வெட்டப் போனபின் அவர் லயத்துக்குப் போனார். பத்துக் கதவுகளையும் பிணைச்சலோடு கழற்றினார். பலாமரக் கதவுகள். ஒவ்வொன்றையும் தனி ஆளாக முதுகில் ஏற்றி, முந்நூறு படி இறங்கித் தன் பட்டறையில் கொண்டுபோய் வைத்தார். ஏழாம் காம்பராவை மட்டும் கடைசிக்கு விட்டிருந்தார். அங்கே குழந்தையோடிருந்த மகளிடம், "கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு கோயில் மண்டபத்துக்குப் போம்மா. அம்மா கேட்டா பாஸ் களவெடுத்துட்டான்னு சொல்லு" என்றாராம். டவுனிலிருந்து வந்த பாஸ் சீவுளியும் கையுமாக நின்று, சீவுவதற்குக் கதவு இல்லாமல், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"கதவு மூடலன்னு சொன்னா கதவையே இல்லாம ஆக்கிட்டானே பாவி!" என்று ஏழாம் காம்பராக்காரம்மா ஒபிஸ் வாசலில் மண்ணை அள்ளித் தூற்றினார். கதவில்லாத வீட்டில் யார் படுப்பார்கள்? பத்துக் குடும்பமும் பாயும் சட்டியுமாகக் கோயில் மண்டபத்துக்குப் போயிற்று. போகும் வழியெல்லாம் பாஸின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே போயிற்று.

துரை சொல்ல நான் எழுதினேன். தோட்டத்துக்குச் சொந்தமான பத்துக் கதவுகளை அனுமதியின்றி அகற்றிய குற்றத்துக்கு வார்னிங் லெட்டர். போலீசுக்கும் ஒரு முறைப்பாடு தயாரிக்க வேண்டியிருந்ததால், கதவுகளை எண்ணிப் பார்க்கப் பட்டறைக்குப் போனேன். சுவரோரமாக நிமிர்த்தி, காம்பரா வரிசையிலேயே அடுக்கியிருந்தார். ஒன்றில் யேசுவின் படம், ஒன்றில் முருகன், ஒன்றில் போன வருஷத்துக் கலண்டர். இன்னொரு லயத்து வாசலில் நிற்பது போலிருந்தது. எண்ணி முடித்து, ஏன் என்று தெரியாமல், ஏழாவது கதவைத் தட்டினேன். உள்ளே சுவர்தானே இருக்கிறது. ஆனாலும் பதிலுக்காக ஒரு நிமிஷம் நின்றேன்.

முறைப்பாட்டை நான் கொண்டுபோகவில்லை. நல்ல எண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம். மழை பிடித்துக்கொண்டது, பஸ் ஓடவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணி. இடி போலத்தான் கேட்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. யாரோ ஒரு பெரிய பாயைச் சுருட்டித் தரையோடு இழுப்பது போல ஒரு சத்தம், அதன்பின் பச்சை மண் வாசம். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது நாலிலிருந்து பத்து வரையிலான காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண் மெல்ல மூச்சு விடுவதுபோல் அசைந்துகொண்டிருந்தது. மிச்சம் மூன்று காம்பராக்கள் கதவில்லாத வாயைத் திறந்தபடி நின்றன. கோயில் மண்டபத்தில் ஆட்களை எண்ணினோம். நாற்பத்தொரு பேர். கைக்குழந்தையையும் சேர்த்து. யாரும் குறையவில்லை. ஏழாம் காம்பராக்காரம்மா பாஸைத் தேடிக்கொண்டு போனார். என்ன சொன்னார் என்று தெரியாது. போனவர் பாஸின் முன்னால் உட்கார்ந்தே இருந்தாராம்.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்துக்கு விருது கிடைத்தது. பாதுகாப்புப் பண்பாட்டில் முன்மாதிரித் தோட்டமாம். உயிரிழப்பு இல்லாமல் உரிய நேரத்தில் மக்களை அகற்றியதற்காம். கொழும்பில் மேடையேறிக் கண்ணாடிக் கேடயத்தை வாங்கியவன் நான். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு குளிர்ந்த மேடை வேறு அமையவில்லை.

திரும்பி வந்ததும் வார்னிங் லெட்டரை ரத்து செய்யப் பார்த்தேன். சம்பந்தப்பட்டவர் மனுக் கொடுத்தால்தான் முடியும் என்பது விதி. மனுவை நானே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பாஸ் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எதுக்குங்கய்யா? கதவக் கழட்டுனேன்னு எழுதியிருக்கு. கழட்டுனேன் தானுங்க. உங்க ஒபிசுல நெசத்த எழுதியிருக்குற காயிதம் அது ஒண்ணுதான். இருக்கட்டும்."

போன வருஷம் ருவான்வெல்லையில் மகள் வீட்டில் அவர் காலமானார். தப்பிய மூன்று காம்பராக்களின் கதவுகளைச் சொந்தக்காரர்கள் கொண்டுபோன பிறகு, பட்டறையில் இன்னமும் ஏழு கதவுகள் வரிசையாக நிற்கின்றன. விறகுக்குக்கூட யாரும் கேட்கவில்லை. ஏழாம் காம்பராக்காரம்மாவுக்குப் புது வீடு கிடைத்தபோது அவருடைய கதவை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "அத மாட்டித் தொறந்தா அந்தப் பழைய காம்பராதான் தெரியும்ங்கய்யா."

சென்ற மாதம் புது பாஸ் வேலைக்குச் சேர்ந்தார். சேரும் நாளில் கொடுக்க வேண்டிய பாதுகாப்பு விதிகள் பதினெட்டுப் பக்கம் இருக்கின்றன. அவற்றோடு அந்த வார்னிங் லெட்டரின் நகலையும் சேர்த்துக் கொடுத்து, அதன் கதையையும் சொன்னேன். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இது செய்யக்கூடாததுன்னு குடுக்குறீங்களா, செய்யணும்னு குடுக்குறீங்களாய்யா?" என்று கேட்டார்.

"செய்ய வேண்டி வந்தா முதல்ல எனக்கு ஆளனுப்புங்க பாஸ்" என்றேன். "பலாமரக் கதவு. ஓராளால தூக்குறது கஷ்டம்."