ஆளில்லாத சாலையில் எங்கள் வீட்டுச் சுவர்

நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடை இருக்கும் தெருவை ஒரு மதியம் டிவி பெட்டிக்குள் பார்த்தேன். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் என்கிற மேடும் பள்ளமுமான ஊர். எங்கள் கடைக்கு மாடியில் வீடியோ கேம் தயாரிக்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்குச் சோறும் கறியும் நான்தான் மேலே கொண்டுபோவேன். அன்றைக்கு மார்ட்டின் என்கிறவர் பெட்டிக்குள் ஒரு காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கார் போன தெரு எங்கள் தெரு. சிவப்புத் தபால் பெட்டி, புகை படிந்த செங்கல், மேடேறி வளையும் ரோடு, எங்கள் கடை ஷட்டரில் நான் வண்டி இடித்து உண்டாக்கிய நெளிவு, எல்லாம் இருந்தது. ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தேன். அதேதான். ஒன்று மட்டும் வேறு. கீழே மழையில் குடையோடு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு ஈ காக்கை இல்லை. தெருவையே காலி பண்ணச் சொல்லிவிட்டார்களா, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையா என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி. எதைப் பார்த்தாலும் அதில் எனக்கு என்ன கெடுதல் இருக்கிறது என்றுதான் முதலில் தேடும்.

"ஆட்கள் எங்கே?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். "கவலைப்படாதே, இதில் யாரையும் இடிக்க முடியாது" என்றார் மார்ட்டின். நான் இடிப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கு அது புரியவில்லை. எனக்கும் மேற்கொண்டு விளக்க வார்த்தை வரவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரேஸ் விளையாட்டில் தெருவில் ஆளை விட்டால், விளையாடுகிறவன் முதலில் அவர்கள் மேல்தான் ஏற்றிப் பார்ப்பானாம். அதனால் ஆளையே வைப்பதில்லை. மனுஷ குணத்தைத் தெரிந்துதான் ஊரைக் காலி பண்ணியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தட்டு திரும்பி வரும்வரை அங்கேயே நின்று பார்க்க ஆரம்பித்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரீட்சைப் பயத்தில் காய்ச்சல் வந்து வந்து அப்படியே நின்றுபோன படிப்பு. ஆனால் இந்தப் பெட்டிக்குள் ஊர் கட்டுகிற வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை அடங்கவில்லை. மார்ட்டின் கேமராவோடு தெருத் தெருவாக அலைந்து சுவரையும் தரையையும் படம் பிடிப்பார். அதைச் சின்னச் சதுரமாக வெட்டி, வெறும் அட்டைப் பெட்டி மாதிரி இருக்கும் வீட்டின் மேல் தோல் போல ஒட்டுவார். ஒரே சதுரம்தான் திரும்பத் திரும்ப வந்து நீளமான சுவராகிறது. மரம் என்பது மரமே இல்லை, ஒரு தட்டை அட்டை. நாம் எந்தப் பக்கம் போனாலும் அதுவும் நம் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தேர்தல் நேரத்துக் கட்டவுட் போல, ஆனால் முதுகு காட்டாத கட்டவுட். தூரத்து மலைகள் ஊரைச் சுற்றிக் கட்டிய ஒரு திரை. எவ்வளவு வேகமாகப் போனாலும் அவை ஒரு அடி கிட்டே வராது. மெட்ராஸில் எங்கள் அம்பத்தூரில் போட்டோ ஸ்டுடியோவில் நம்மை நிறுத்துவார்களே, பின்னால் அருவியும் பங்களாவும் வரைந்த திரைக்கு முன்னால், அதேதான். என்னிடம் ஒருமுறை விளையாடக் கொடுத்தார்கள். நான் ஓரமாக, மெதுவாக, ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே போனேன். பின்னால் வந்த வண்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியாக வந்ததற்காக எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது ரேஸ் என்பதே மறந்துபோயிருந்தது.

அடுத்த ஊர் மெட்ராஸ் என்று முடிவானபோது மார்ட்டின் என்னைத்தான் கூப்பிட்டார். அவர் முதலில் போட்டுவைத்திருந்த மெட்ராஸில் மணலும் ஒட்டகமும் இருந்தன. "ஒட்டகம் இல்லை" என்றேன். உடனே எடுத்துவிட்டார். "அப்படியானால் உங்கள் ரோட்டில் என்ன இருக்கும்? சுவர் என்ன நிறம்?" என்று கேட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். படிப்பை விட்ட பிறகு மேனாம்பேட்டிலிருந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வரைக்கும் சைக்கிளில் டிபன் கேரியர் தூக்கியவன் நான். வருஷக்கணக்காகப் போன ரோடு. ஆனால் என் கண் எப்போதும் தரையில்தான் இருந்தது. எந்தப் பள்ளத்தில் சாம்பார் தளும்பும், எந்த வளைவில் தண்ணீர் லாரி திடீரென்று திரும்பும், எந்த நாய் எழுந்து வரும், இதுதான் எனக்குத் தெரிந்த ஊர். சுவரின் நிறத்தைக் கேட்டால் ஒன்றும் வரவில்லை. பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரேஸ் ரோட்டில் பள்ளம் வைக்க முடியாது என்றார். மலை உண்டா என்று கேட்டார். இல்லை, அந்தப் பக்கம் ஆவடி, திருநின்றவூர் வரைக்கும் தட்டைதான் என்றேன். கண்ணுக்குத் தூரத்தில் ஏதாவது வேண்டுமே என்று இரண்டு மலைகளை வைத்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நானே அந்த மலைகளை நம்பினேன்.

கடைசியில் ஊரிலிருந்து போட்டோ வரவழைத்துத் தருகிறேன் என்று வாய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு முனை எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். வசந்தா அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"இன்னாடா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"நல்லா இருக்கேன்க்கா. நம்ம ஊட்டு செவுரு, அப்பறம் ரோட்டு மேல இருக்கற செவுரு, தரை, மரம், இதெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பணும். இங்க கேம்ல போடப் போறாங்க. டிவில வரும்."

"செவுத்தயா? செவுத்துல இன்னாடா கீது?" என்றவள், பக்கத்தில் நின்ற மாமாவிடம் திரும்பி, "நம்மள டிவில போடறாங்களாம்யா" என்று கத்தினாள். நான் சொன்ன 'நம்ம ஊட்டு செவுரு' அவள் வாயில் எப்போது 'நம்மள' ஆனது என்று யோசிப்பதற்குள் மாமா போனை வாங்கிவிட்டார். லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். போனிலும் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரல்.

"மச்சான், கவலயே படாத. பட்டறைல ஒருத்தன் கிட்ட கேமரா கீது. வாங்கி ஜம்முனு எடுத்து அனுப்பறேன்."

"மாமா, ஆள் யாரும் வேணாம். வெறும் செவுரு மட்டும்..."

"எல்லாம் எனுக்குத் தெரியும் வுடு" என்று வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கவர் வந்தது. பிரித்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஆட்கள். எங்கள் வீட்டு நீலச் சுவருக்கு முன்னால் அக்கா, தீபாவளிப் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூ வைத்து, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு அட்டென்ஷனில் நிற்கிறாள். எஸ்டேட் கம்பெனி ஒன்றின் காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் மாமா, சட்டையை டக் பண்ணிக்கொண்டு. தார் ரோட்டைத் தனியாக எடுக்கச் சொன்னேனே, அதில் தெருப் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். புளியமரத்தை இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். போதாதற்குச் சுவரொட்டிகளை எல்லாம் கிழித்து, எங்கள் சுவருக்குப் புதிதாக நீலம் அடித்திருந்தார்கள்.

மறுபடி போன் போட்டேன். மாமாவுக்கு என் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"இன்னா மச்சான், க்ளியரா இல்லியா?"

"க்ளியராத்தான் இருக்கு மாமா. ஆள் வேணாம்னு சொன்னேனே."

"ஆள் இல்லாம ஊட்ட எவனாவது எடுப்பானா? பேங்க்காரன் எடுப்பான், கோர்ட்டுக்காரன் எடுப்பான். வெறும் செவுத்துக்கு நேரா கேமரா தூக்கினா, ஊட்ட விக்கப் போறியான்னு எதுத்த ஊட்டுக்காரன் கேக்கறான். பிலிமு இன்னா சும்மாவா வருது?"

அவர் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் போட்டோ என்றால் அது ஒரு ஆளுடையது. சுவர் அந்த ஆள் சாய்வதற்கு இருக்கிற பொருள். பிறகு அக்கா போனை வாங்கி, "தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்டா. எப்ப வருவோம்?" என்று கேட்டாள். வெட்கத்தோடு கேட்டாள். எட்டாவது படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் சேர்த்து, கடைசி நாளில் எடுத்துவிட்டார்கள் அவளை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். "சீக்கிரம்க்கா" என்று சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை படங்களை மார்ட்டினிடம் கொடுத்தேன். மூஞ்சியைச் சுளிப்பார் என்று பயந்தேன். அவர் விசிலடித்தார். "என்ன வெளிச்சம்! இங்கே இப்படி வெயில் எங்கே கிடைக்கும்?" அக்காவைக் காட்டி, "இவர் என் அக்கா. இவரை ஒரு இடத்தில் மட்டும் வைக்க முடியுமா? ஓரமாக நிற்பார், ரோட்டுக்கு வரமாட்டார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் முடியாது என்று தலையாட்டினார். ஒருத்தரை வைத்தால் எல்லோரும் அவரைக் குறிவைத்து ஓட்டுவார்கள் என்றார். அதைக் கேட்டதும் நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் அக்கா மேல் ஊர் பேர் தெரியாத பையன்கள் கார் ஏற்றுவதை நினைக்கவே முடியவில்லை.

அவர் அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்து நீலச் சுவரை ஒரு சதுரமாக வெட்டினார். அதில் அக்கா இல்லை. அவளுடைய நிழல் இருந்தது. வெயில் தன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று மாமாவுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்கால வெயில் ஒரு பக்கமாக அக்காவின் முகத்தில் அடித்து, அவளைச் சுவரில் சாய்வாக எழுதியிருந்தது. மார்ட்டின் அதைச் சுவரின் நீலத்தால் அழிக்கப் போனார். "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். என்னவோ புரிந்துகொண்டவர் போல, "சரிதான், வெயில் இருப்பது தெரியும்" என்று விட்டுவிட்டார். நான் சொன்னது வெயிலுக்காக இல்லை. இந்த முறை நான் விளக்கவில்லை.

விளையாட்டு வெளியானதும் எனக்கு ஒரு டிஸ்க் கொடுத்தார்கள். அதை ஊருக்கு அனுப்பினேன். அம்பத்தூரில் மணிக்கணக்கில் காசு வாங்கி வீடியோ கேம் ஆட விடுகிற கடை ஒன்று வந்திருந்தது. எந்த நாட்டு டிஸ்க்கையும் ஓட்டுகிற மாதிரி மிஷினை மாற்றி வைத்திருப்பார்களாம். மாமாவும் அக்காவும் பாதித் தெருவும் அங்கே போனதாகக் கேள்விப்பட்டேன். நான் போன் போடுகிற ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தபோது, அக்காவிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னிச்சுக்கோ, வைக்க முடியாதுன்னுட்டாங்க. அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.

முதலில் மாமாதான் பேசினார். "மச்சான், இன்னா ரோடு போட்டுகீறீங்க! ஒரு பள்ளம் இல்ல! நம்ம ஊருக்கு மல எப்ப வந்துச்சு?" என்று சிரித்தார். பிறகு அக்கா வந்தாள்.

"அக்கா, உன்ன..."

"நாங்க யாரும் இல்லடா. மூணு வாட்டி சுத்தி வந்து பாத்தோம்" என்றாள். "போவுது வுடு. நம்ம ஊட்டு செவுரு வந்துச்சுல்ல, அதுல நீ கீறியேடா."

"நானா?"

"மாமாவ வண்டிய நிறுத்தச் சொல்லி கிட்டப் போய்ப் பாத்தேன். செவுத்துல மங்கலா ஒரு ஆளு. நீதான் அப்பிடி ஒரு பக்கமா சாஞ்சிகினு நிப்ப. அவ்ளோ தூரத்துல இருந்துகினு நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னுட்டான் பாருன்னு எல்லார்ட்டயும் காட்டினேன்."

அவள் தலைப்பூவின் புடைப்பு அந்தச் சின்னச் சதுரத்தில் தேய்ந்து போயிருக்க வேண்டும். அது அவள் நிழல்தான் என்று எனக்குத் தெரியும், மார்ட்டின் திருப்பித் தந்த போட்டோ என் கையில் இருக்கிறது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அவள் யாரிடமோ, "என் தம்பிதான் பேசறான், அந்த செவுத்துல பாத்தியே, அவன்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேலே போய் மெட்ராஸை ஓட்டிப் பார்த்தேன். ஒரே சதுரம் ஒட்டி ஒட்டிப் போன சுவர் என்பதால் அந்த நிழல் ரோட்டோரம் முழுக்க, வீட்டுக்கு வீடு, வரிசையாக நின்றது. வேகமாகப் போனால் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கோடாகிவிடுகிறது. நான் வண்டியை ஓரம் கட்டி, ஒன்றின் முன்னால் நிறுத்தினேன். அக்காவா என்று பார்த்தேன். அக்காதான். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவள் சொன்ன மாதிரி, அங்கே நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.