மாதாவின் உயரம் எத்தனை இஞ்ச்?

கேக்கின் மேல் வைக்கிற ஒரு சர்க்கரைப் பொம்மையின் உயரத்தால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்க்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன். கொடைக்கானலில் ஒரு பேக்கரியில் கேக் மாஸ்டராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் பெருமாள்மலை. முருகனுக்குக் கிருத்திகை விரதம் இருக்கிறவன். கிறிஸ்தவத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பிளம் கேக் வரைக்கும்தான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கிளிசரின் பற்றியும் இதில் ஒரு பாடம் உண்டு.

1. ஆர்டர்

எங்கள் கவுண்டரில் பில் போடுகிற பெண் ரோஸி. கேக் வேனை ஓட்டுகிற பையன் டேனியல். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் என்பது பேக்கரி பூனைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் பேச்செடுக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம், ரோஸியின் அப்பா சவரிமுத்து கத்தோலிக்கக் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். டேனியலின் அப்பா ஞானராஜ் எதிர்த்த சரிவில் இருக்கிற புராட்டஸ்டண்ட் சபையில் கமிட்டி செயலாளர். யார் சபை மாறுவது என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான். அந்த வீட்டுக்காரர்கள் மாறட்டும்.

அந்த வருஷம் இரண்டு கோயிலும் சேர்ந்து ஐக்கியக் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது என்று முடிவானது. பள்ளிக்கூட ஹாலில் பொதுவாக ஒரு கேக், அதன் மேல் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் சர்க்கரைக் குடில்.

ஆர்டர் வந்த அன்று ரோஸி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மாஸ்டர், எங்க அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'மொதல்ல அந்த ஆளு எங்கூட ஒரே மேசையில சண்டை போடாம ஒரு கேக்க வெட்டட்டும். பெறகு பொண்ணு குடுக்குறதப் பத்திப் பேசலாம்'னாரு."

"டேனியல் அப்பா?"

"அவரும் அதையேதான் சொல்லியிருக்காரு."

முப்பது வருஷமாகக் கேக் போடுகிறேன், எந்தக் கேக்கும் பெண் பார்க்கப் போனதில்லை.

2. உயரம்

மறுநாள் வெள்ளனே உபதேசியார் வந்துவிட்டார். கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்தே உள்ளே வந்தார்.

"மாஸ்டர், குடில்ல மாதா சுரூபம் நடுவுல இருக்கணும். ஆறு இஞ்சுக்குக் கொறையக் கூடாது. தலையில கிரீடம் வச்சிருங்க."

"மாட்டுத் தொழுவத்துல கிரீடமா?"

"அவங்க விண்ணக அரசி. எங்க இருந்தாலும் கிரீடம் உண்டு."

நான் ஆறு இஞ்சில் ஒரு மாதா செய்து, நீல முக்காடும் தங்கக் கலரில் கிரீடமும் வைத்து, ஓவன் தலைமேல் காயப் போட்டேன். மத்தியானம் செயலாளர் ஞானராஜ் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"இது யாரு, ராணியா?"

"மரியாள்ங்க."

"மரியாள் நல்ல பொம்பள, இல்லைங்கல. அதுக்காக மேய்ப்பர் பொம்மைய விட ஒரு இஞ்ச் உசரமா இருக்கக் கூடாது. நடுவுல இயேசு மட்டும்தான். கிரீடத்த எடுங்க."

இங்கே தொழில் விஷயம் ஒன்று. சர்க்கரைப் பேஸ்ட் காயக் காய வெடிக்கும். வெடிக்காமல் இருக்கச் சில சொட்டு கிளிசரின் விடுவோம். பாதி காய்ந்த பொம்மையைக் கலைத்து மறுபடி பிசைய வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் விட வேண்டும்; கூடிப்போனால் பொம்மை இறுகாது. அந்த வாரம் மாதாவை நான் எத்தனை முறை கலைத்துச் செய்தேன் என்பதற்கு மாதாவே சாட்சி. காலையில் வளர்ந்தாள், மாலையில் குறைந்தாள். ஒவ்வொரு முறையும் கிளிசரின் பாட்டிலைத் திறந்தேன்.

3. யார் சொன்னது?

பொறுத்துப் பார்த்துவிட்டு உபதேசியாரைக் கேட்டேன். "ஆறு இஞ்சுன்னு யாருங்க சொன்னது?"

"திருச்சபை சொல்லுது."

"திருச்சபைன்னா நம்ம ஃபாதரா?"

"ஃபாதருக்கு மேல பிஷப் இருக்காரு. அவருக்கு மேல போப்பாண்டவர் இருக்காரு."

"அவரு வரைக்கும் போய்க் கேட்டு வர்றதுக்குள்ள கேக் ஊசிப்போயிருமேங்க."

செயலாளரிடமும் அதையே கேட்டேன். அவர் மார்பை நிமிர்த்தினார். "எங்களுக்கு மேல ஆளே கெடையாது. வேதம் மட்டும்தான்."

"வேதத்துல மரியாள் எத்தனை இஞ்சுன்னு போட்டிருக்காங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "அத கமிட்டி கூடி முடிவு பண்ணும்."

கமிட்டி கூடியது. மூன்று இஞ்ச் என்று ஒரு கட்சி, உட்கார்ந்த மரியாள் போதும் என்று ஒரு கட்சி, பொம்மையே பாவம் என்று ஒரு கட்சி. மூன்றாவது கட்சி அட்டுவம்பட்டியில் தனிச்சபை ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு டீ குடிக்காமல் எழுந்து போனது.

இதில் வேடிக்கை, அந்த ஃபாதரும் இந்தச் சபையின் ஐயரும் (அங்கே பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) திங்கட்கிழமை தோறும் எங்கள் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஃப்ஸ் சாப்பிடுகிறவர்கள். அவர்களிடம் போய் முறையிட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிருமே."

ஐயர் பஃப்ஸ் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னார். "நாங்க சொல்லிருவோம் மாஸ்டர். அவங்க கேக்கணுமே."

கடைசியில் நானே ஒரு தீர்ப்பு எழுதினேன். மாதா உயரமாக இருப்பாள், ஆனால் நடுவில் இருக்கும் குழந்தை இயேசுவின் தொட்டிலுக்கு ஓரமாக நிற்பாள். கிரீடம் கிடையாது, ஆனால் முக்காட்டில் தங்கக் கரை உண்டு. இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். எதிராளிக்குத்தான் அதிகம் கிடைத்துவிட்டது என்று இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

4. மேசை

விழா அன்று நல்ல மூடுபனி. டேனியல் வேனைக் கைக்குழந்தையைத் தூக்கிப் போவது போல ஓட்டி வந்தான். ஹாலில் கேக்கை இறக்கும்போது மாதா நேராகத்தான் நின்றாள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஆனால் ஹாலில் கூட்டம் நெருக்கியடித்தது. மேசைக்குப் பக்கத்திலேயே டீ பாய்லரை வைத்து ஆவியைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். பாட்டு நடக்கும்போது பார்த்தேன். மாதா மெல்லக் குனிய ஆரம்பித்திருந்தாள். ஒரு வாரத்துக் கிளிசரின் தன் வேலையைக் காட்டியது. பாட்டு முடிவதற்குள் இடுப்பு வளைந்து, முகம் நேராகத் தொட்டில் குழந்தைக்கு மேல் போய் நின்றுவிட்டது.

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். "மாதாவே! எல்லாரும் பாருங்க! தாயி குனிஞ்சு பாலனப் பாக்குறா. அற்புதம்!"

"என்ன அற்புதம்?" என்று செயலாளர் எழுந்தார். "மரியாள் இயேசுவப் பணிஞ்சு கும்பிடுறா. இத்தன வருசமா நாங்க தொண்ட கிழியக் கத்துனது இதத்தானே?"

ஒரு அம்மா கேக் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். இன்னொரு அம்மா அதை ஊதி அணைத்தார். மாதா இருக்கிற கேக்கில் கத்தி படக் கூடாது என்று ஒரு பக்கம், வெரசா வெட்டுங்கள், இல்லாவிட்டால் இது விக்கிரகம் ஆகிவிடும் என்று ஒரு பக்கம். ஃபாதர் ஐயரைப் பார்த்தார். ஐயர் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்தார்.

சுவரோரம் ரோஸி நின்றிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. டேனியல் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தான். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஏப்ரனோடு நடுவில் போய் நின்று கையைத் தூக்கினேன்.

"ஐயா, இது அற்புதமும் இல்ல, கும்பிடும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னதுல கிளிசரின் கூடிப்போச்சு. அதான் பொம்ம தொங்கிருச்சு."

இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"மாஸ்டர்," என்றார் உபதேசியார், "உங்க சோலி கேக் போடுறது. இதெல்லாம் உங்களுக்கு வெளங்காது."

"நல்லாச் சொன்னீங்க சம்பந்தி!" என்றார் செயலாளர். "ஓவன் முன்னால நிக்கிறவரு நமக்கு வேதம் சொல்ல வந்துட்டாரு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ரோஸி டேனியலின் கையைப் பிடித்துவிட்டாள், அத்தனை பேருக்கும் முன்னால். உபதேசியார் மகளைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அதானே சம்பந்தி," என்றார். "இவருக்கு என்ன தெரியும்?"

முதலில் கை தட்டியது ஃபாதரா ஐயரா என்று இன்றைக்கும் அவர்களுக்குள் வழக்கு கிடக்கிறது. மாதாவையும் குழந்தையையும் தனித்தட்டில் எடுத்து வைத்துவிட்டு, ஒரே கத்தியை இருவரும் பிடித்து வெட்டினார்கள். தொழிலில் அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அவமானப்பட்டது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்லி ஒருத்தரும் நம்பாமல் போனதில் எனக்குச் சந்தோஷம் வந்ததும் அதுதான் முதல் தடவை.

கல்யாணம் எந்தக் கோயிலில் என்று அதற்குப் பிறகு வாரக்கணக்கில் சண்டை நடந்தது. ஆனால் அது சம்பந்திகள் சண்டை. அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இரண்டு. பொம்மையைத் திரும்பத் திரும்பக் கலைத்துச் செய்யாதீர்கள், புதுப் பேஸ்ட் எடுங்கள். இரண்டு பெரியவர்கள் ஒன்றுசேர வேண்டுமானால், இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவதற்கு மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை உங்கள் தலையில் விழுந்தால் மறுக்காதீர்கள்.

கல்யாண கேக்குக்கு ஆர்டர் கொடுக்க இருவரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள்.

"பொம்மையே வேண்டாம் மாஸ்டர். பூ மட்டும் போதும்," என்றார் உபதேசியார்.

"ஆமா, பூ போதும்," என்றார் செயலாளர்.

"என்ன பூ?" என்று கேட்டேன்.

"லில்லி," என்றார் ஒருவர். "ரோஜா," என்றார் மற்றவர். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துவிட்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

நான் ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "செவ்வந்தி," என்றேன்.