எண்டெவர் போட்ட கடிதம்

கட்டில் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ஆங்கிலக் கடிதம் எழுதி எழுதி, அவளுக்குப் பெயரே 'லெட்டர் அக்கா' என்று ஆகிவிட்டது. அவள் எழுதியதை மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அது தன்மேல் உள்ள நம்பிக்கை என்று வீட்டுக்காரரிடம் அடித்துச் சொல்வாள்.

புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கடிதத்தை மட்டும் மேனேஜர் உட்கார்ந்து படித்தார். எந்தக் கடையிலும் இல்லாத பழைய மாடல் கட்டில் சக்கரம் கேட்ட ஒருவருக்கு, 'தேடித் தர எண்டெவர் செய்கிறோம்' என்று அவள் எழுதியிருந்தாள். "என்ன கம்பீரமான வார்த்தை பாருங்க!" என்று அதை எல்லார் மேசைக்கும் அனுப்பினார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. அவள் கடிதம் ஒன்றுகூட இப்படி ஊர்வலம் போனதில்லை.

மத்தியானம் சாப்பிடாமல் அகராதியைப் புரட்டினாள். முயற்சி செய்தல், அலுவலக எழுத்துக்கு உரியது. ப்பூ, இவ்வளவுதானா! 'ட்ரை'க்குக் கோட்டு மாட்டிவிட்டால் எண்டெவர். இது தனக்கு வராதா என்ன?

அன்றைக்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போகவேண்டியிருந்தது. பத்தாம் தேதி புது வார்டு திறப்பு, அறுபது கட்டில். சரக்கு கிடங்கில் தயாராகவே நின்றது. எட்டாம் தேதி வந்துவிடும் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அவள் 'எட்டாம் தேதிக்குள் அனுப்ப எண்டெவர் செய்வோம்' என்று எழுதினாள். மேனேஜர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். "நோயாளியை உங்க முயற்சி மேலயா படுக்க வைக்கிறது? நாங்க வேற இடத்துல வாங்கிக்கிறோம்."

மேனேஜர் கத்திக்கொண்டே வெளியே வந்தார். "தரோம்னு சொல்ற இடத்துல, தர முயற்சி பண்றோம்னு எழுதினது யாரு?"

எல்லார் கண்ணும் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பக்கம் திரும்பியது. வார்த்தை அவளுடையதாயிற்றே. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அத்தோடு அந்தப் பெண்ணின் கொட்டம் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பெண் அக்காவின் வெளுத்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நான்தான் சார். மன்னிச்சிடுங்க."

மேனேஜர் தணிந்துபோனார். "பரவால்லம்மா. இப்படி ஒத்துக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? உட்காரு."

அடப்பாவி, இதற்கும் பாராட்டா! அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"அது என் லெட்டர் சார்! திட்டுறதுக்காவது ஒரு தடவை முழுசாப் படிங்க!"